இட்சாக் ராபின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆசியாவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், ராபின் பெயர் வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "சமாதானத்துக்காக உயிரையே கொடுத்தவர்" என்று ஒரு பக்கம். "ஜெனரலாக இருந்து அடித்து நொறுக்கியவர்தானே" என்று இன்னொரு பக்கம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கத்தாரும் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ராபின் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

இஸ்ரேலின் படைத்தளபதியாக இருந்து, அப்புறம் இரண்டு முறை பிரதமரானவர். முதல் முறை 1974 முதல் 1977 வரை. இரண்டாம் முறை 1992 முதல் 1995 வரை. அரபு நாடுகளோடு நடந்த 1967 ஆறு நாள் போரில் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். 1993-ல் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தோடு கைகுலுக்கியவரும் அவர்தான். 1995 நவம்பர் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 73.

இவரும் ஐரோப்பாவில இருந்து வந்து குடியேறினவர்தானே?

இல்லை. 1922 மார்ச் 1 அன்று ஜெருசலேமில் பிறந்தார். அப்போது அது பிரிட்டிஷார் கையில் இருந்தது. வளர்ந்தது டெல் அவிவில். இஸ்ரேலின் பிரதமர்களில் அந்த மண்ணிலேயே பிறந்த முதல் ஆள் அவர். அவருக்கு முன் இருந்த பென்-குரியன், எஷ்கோல், கோல்டா மேயர் எல்லோரும் கிழக்கு ஐரோப்பாவில் பிறந்தவர்கள்.

பெற்றோர் வந்து குடியேறியவர்கள். அப்பா நெஹெமியா உக்ரைனில் பிறந்து, அமெரிக்கா போய், முதல் உலகப் போரின்போது யூதத் தொண்டர் படையில் சேர்ந்து அங்கே வந்து இறங்கியவர். அம்மா ரோசா அரசியல், தொழிற்சங்கம் என்று வீட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தவர். "சிவப்பு ரோசா" என்றே அவருக்குப் பட்டப்பெயர். பொதுவேலை முதலில், பிள்ளைகள் அப்புறம் என்றிருந்த வீடு. ராபினின் வாய் பேசாத சுபாவம் அங்கிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன்.

சின்ன வயசுல இருந்தே பட்டாளத்துக்குத்தான் போகணும்னு ஆசையா?

ஆசைப்பட்டது தண்ணீருக்கு. தாபோர் மலையடிவாரத்தில் இருந்த கதூரி விவசாயப் பள்ளியில் படித்து, 1940-ல் சிறப்பாகத் தேறினார். கலிபோர்னியா போய் நீர்ப்பாசனப் பொறியியல் படிப்பதுதான் திட்டம். உலகப் போர் குறுக்கே வந்தது. 1941-ல் யூதர்களின் தலைமறைவுப் படையான ஹகானாவின் அதிரடிப் பிரிவு, பால்மாக்கில் சேர்ந்துவிட்டார்.

அவருடைய முதல் வேலை கொஞ்சம் சிரிப்பானது. ஹிட்லருக்கு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசிடம் இருந்த சிரியா, லெபனானுக்குள் பிரிட்டிஷ் படைகள் நுழைய, இவர்கள் முன்கூட்டியே போய்த் தொலைபேசிக் கம்பிகளை வெட்ட வேண்டும். குழுவிலேயே இளையவர் என்பதால் கம்பம் ஏறும் வேலை இவர் தலையில் விழுந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். முதல் கம்பியை வெட்டியதும்தான் தெரிந்தது, கம்பத்தை நிமிர்த்திப் பிடித்திருந்ததே அந்தக் கம்பிகளின் இழுவிசை என்று. கம்பம் சாய்ந்தது, ஆள் கீழே விழுந்தார். எழுந்து மறுபடி ஏறி மிச்சத்தையும் வெட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

1948 போர்ல இவர் என்ன பண்ணார்?

இஸ்ரேல் உருவானபோது அரபுகளோடு மூண்ட போர் அது. 26 வயதில் ஹாரெல் படைப்பிரிவின் தளபதி. கடற்கரையிலிருந்து ஜெருசலேமுக்கு ஏறும் மலைப்பாதையைத் திறந்து வைப்பது வேலை. நகரம் முற்றுகையில் இருந்தது. சாப்பாடும் குடிநீரும் லாரியில்தான் போக வேண்டும். பாதையின் இருபுறமும் குன்றுகளிலிருந்து சுடுவார்கள். ராபினின் ஆட்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். ஆயுதமும் பயிற்சியும் போதாமல் இளைஞர்களை அனுப்பிவிட்டோம் என்ற குறுகுறுப்பு கடைசிவரை அவரை விடவில்லை. பின்னாளில் படைத்தளபதி ஆனபோது தயார்நிலை, தயார்நிலை என்று அரித்தெடுத்ததற்கு இதுதான் காரணம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில், போருக்கு நடுவே, லேயாவைக் கல்யாணம் செய்துகொண்டார். டாலியா, யுவால் என்று இரண்டு பிள்ளைகள்.

லிட்டாவில மக்களை விரட்டினது இவர்தானாமே? இவரையா சமாதானவாதின்னு சொல்றீங்க?

ஆமாம், விரட்டிய உத்தரவில் இருப்பது அவருடைய கையெழுத்துதான். 1948 ஜூலையில் லிட்டா, ரம்லா என்ற இரண்டு அரபு ஊர்கள் பிடிபட்டன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஜூலை வெயிலில், தண்ணீர் இல்லாமல், ஜோர்டான் படை இருந்த பக்கம் நோக்கி நடக்கவைக்கப்பட்டார்கள். வழியிலேயே பலர் செத்துப்போனார்கள்.

இதை ராபினே எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. 1979-ல் தன் நினைவுக் குறிப்புகளில், மக்களை என்ன செய்வது என்று கேட்டபோது பென்-குரியன் கையை வீசிக் காட்டினார், அதன் பொருள் விரட்டு என்பதுதான் என்று எழுதியிருந்தார். இஸ்ரேலிய தணிக்கைக் குழு அந்தப் பகுதியை வெட்டியது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அது வெளியாகிவிட்டது. தன் ஆட்களில் சிலர் அந்த வேலையைச் செய்ய மறுத்ததையும் அவர் எழுதியிருந்தார்.

சமாதானவாதி என்று சொல்லலாமா என்ற உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இதை ஒதுக்கிவிட்டுப் பின்பகுதியை மட்டும் சொன்னால் கதை பொய்யாகிவிடும். பின்பகுதியை ஒதுக்கினாலும் அப்படித்தான்.

1967-ல ஜெயிச்சது மோஷே தயான்தானே? ராபின் பேர் எங்க வருது?

கண்ணில் கறுப்புத் துணி கட்டிய தயானின் முகம் போட்டோவுக்கு எடுப்பாக இருந்தது. அவர் பாதுகாப்பு அமைச்சரானது ஜூன் 1. போர் தொடங்கியது ஜூன் 5. நான்கே நாளில் யாரும் ஒரு படையைக் கட்டிவிட முடியாது. 1964 தொடக்கத்திலிருந்து படைத்தளபதியாக இருந்து பயிற்சி, திட்டம், தளவாடம் எல்லாவற்றையும் பார்த்தது ராபின். ஜெருசலேம் பழைய நகரத்துக்குள் தளபதிகள் நடந்துவரும் பிரபலமான படத்தில் தயானுக்குப் பக்கத்தில் இரும்புத் தொப்பியோடு வருகிறாரே, அவர்தான்.

போருக்கு முன்னாடி பயந்து படுத்துட்டார்னு படிச்சேன். உண்மையா?

படுத்தது உண்மை. இஸ்ரேலின் தெற்குக் கப்பல் வழியான திரான் நீரிணையை எகிப்து மூடியது. அமைச்சரவை முடிவெடுக்க முடியாமல் தத்தளித்தது. ஆலோசனை கேட்கப் போன இடத்தில் பென்-குரியன், நாட்டையே ஆபத்தில் தள்ளிவிட்டாய் என்று கடிந்துகொண்டார். தூக்கமில்லை, ஒழுங்கான சாப்பாடில்லை, சிகரெட் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக. மே 23 மாலை ஆள் குலைந்துபோனார். துணைத்தளபதி எஸர் வைஸ்மனை வீட்டுக்குக் கூப்பிட்டு, என் இடத்தை நீ எடுத்துக்கொள் என்றார். வைஸ்மன் மறுத்துவிட்டார். மருத்துவர் ஊசி போட்டுத் தூங்கவைத்தார். ஒன்றரை நாளில் வேலைக்குத் திரும்பினார். வெளியில் சொன்ன காரணம், நிகோடின் விஷம்.

1974-ல் ராபின் பிரதமர் பதவிக்கு நின்றபோது இதே வைஸ்மன்தான் விஷயத்தை வெளியே விட்டார். ஆனாலும் ராபின் ஜெயித்தார். என்னைக் கேட்டால், எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போடத் தெரிந்தவனுக்குத்தான் அப்படி உடம்பு விழும்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஹீப்ரு பல்கலைக்கழகம் ஸ்கோபஸ் குன்றில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. ஊரே கூத்தாடிக்கொண்டிருந்தபோது அவர் பேசியது, களத்திலிருந்து வந்த சிப்பாய்களால் ஏன் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை என்பதைப் பற்றி. செத்த தோழர்களை மட்டுமல்ல, எதிரி கொடுத்த விலையையும் அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்றார்.

யூனிஃபார்மைக் கழட்டின உடனே பிரதமர் ஆயிட்டாரா?

நடுவில் ஐந்து ஆண்டுகள் வாஷிங்டனில் தூதராக இருந்தார். 1973 அக்டோபர் போரில் இஸ்ரேல் அசந்து மாட்டிக்கொண்டபோது அவர் எந்தப் பொறுப்பிலும் இல்லை. போரின் பழியில் கோல்டா மேயர் பதவி விலக, கறை படாத ஆள் யார் என்று கட்சி தேடியது. கட்சிக்குள் போட்டியிட்ட ஷிமோன் பெரஸைச் சிறிய வித்தியாசத்தில் தோற்கடித்து 1974 ஜூனில் பிரதமரானார்.

அந்த மூன்று ஆண்டில் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: 1976 ஜூலையில் உகாண்டாவின் என்டெபே விமான நிலையத்திலிருந்து பிணைக்கைதிகளை மீட்டது. மற்றது யாருக்கும் ஞாபகமில்லாதது: 1975 செப்டம்பரில் எகிப்தோடு செய்த சினாய் இடைக்கால ஒப்பந்தம். முக்கியமான இரண்டு கணவாய்களையும் அபு ருதெய்ஸ் எண்ணெய் வயல்களையும் இஸ்ரேல் விட்டுக்கொடுத்தது. நாலு ஆண்டு கழித்து எகிப்தோடு அடுத்த பிரதமர் பெகின் கையெழுத்திட்ட முழுச் சமாதானத்துக்கு இதுதான் முதல் படி. எனக்கு என்டெபேயைவிட இது பெரிது.

மனைவி பேர்ல பேங்க் அக்கவுன்ட் இருந்ததுக்கெல்லாமா ஒரு பிரதமர் பதவி போகும்?

போனது. இஸ்ரேலியர்கள் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று அப்போது சட்டம். தூதராக இருந்த காலத்தில் வாஷிங்டனில் தொடங்கிய டாலர் கணக்கை மூடாமல் விட்டிருந்தார்கள். 1977 மார்ச்சில் ஹாரெட்ஸ் பத்திரிகை அதை அம்பலமாக்கியது. வழக்கு லேயா மேல் மட்டும்தான் வந்தது. ராபின் அபராதத்தோடு தப்பித்திருக்கலாம். கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது, பொறுப்பும் இருவருடையது என்று சொல்லிவிட்டு ஏப்ரலில் ஒதுங்கிக்கொண்டார். மே மாதத் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. மெனாகெம் பெகின் வந்தார்.

இன்டிஃபாதா நேரத்துல "எலும்பை உடைங்க"ன்னு உத்தரவு போட்டாரா இல்லையா?

அந்த வார்த்தையைச் சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆனால் 1987 டிசம்பரில் பாலஸ்தீன எழுச்சி வெடித்தபோது அவர்தான் பாதுகாப்பு அமைச்சர். பலம், வலிமை, அடி என்பதுதான் கொள்கை என்று 1988 ஜனவரியில் அவரே அறிவித்தார். தோட்டாவுக்குப் பதில் தடி என்பது அவர் சொன்ன நியாயம். களத்தில் அது என்னவாகும் என்று யாருக்கும் தெரியும்: கட்டிப்போட்ட இளைஞர்களின் கைகால்கள் முறிக்கப்பட்டன. அதற்காக ராணுவ நீதிமன்றத்தில் நின்ற ஒரு கர்னல், மேலிருந்து வந்த உத்தரவைத்தான் செய்தேன் என்றார். அவரைச் சிப்பாய் நிலைக்கு இறக்கினார்கள். மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படி இருந்தவர் எப்படி மாறினார்? கலிங்கத்துக்கு அப்புறம் அசோகர் மாதிரியா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். அசோகர் கதையை ராபின் மேல் போர்த்தாதீர்கள். அவர் மனம் உருகி வாளைக் கீழே போட்டவர் இல்லை. போரை எப்படிக் கணக்குப் போட்டாரோ, சமாதானத்தையும் அப்படித்தான் கணக்குப் போட்டார்.

கணக்கு இதுதான். தடியால் எழுச்சியை அடக்க முடியவில்லை. இன்னொரு மக்கள்கூட்டத்தை எத்தனை காலம் படை வைத்து ஆள்வது என்ற கேள்விக்கு ராணுவத்திடம் பதில் இல்லை. 1967-ல் இஸ்ரேலிடம் இழந்த மேற்குக்கரையை இனி நாங்கள் கோர மாட்டோம் என்று 1988-ல் ஜோர்டான் கைகழுவியது. ஆகப் பேசுவதற்குப் பாலஸ்தீனர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. 1991 வளைகுடாப் போரில் சதாமின் ஏவுகணைகள் டெல் அவிவில் விழுந்தன. அடுத்த போர் எல்லையில் நடக்காது, வீட்டுக்கூரைமேல் நடக்கும் என்று புரிந்தது. சோவியத் யூனியன் உடைந்ததால் அரபு நாடுகளுக்குப் பின்பலம் போனது. சதாம் பக்கம் சாய்ந்த அராஃபத்துக்கு வளைகுடாப் பணம் நின்றுபோனது. எதிராளி பலவீனமாக இருக்கும்போது பேசு என்பது எந்தப் போர்ப்பள்ளியிலும் முதல் பாடம். இன்னொன்று: அராஃபத்தோடு பேசாவிட்டால் அந்த இடத்துக்கு இஸ்லாமியவாத இயக்கமான ஹமாஸ் வரும்.

மாறவே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். 1992 தேர்தலில் அவர் கட்சி 44 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்த அதே ஆண்டு டிசம்பரில் நானூறுக்கும் மேற்பட்ட ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத் ஆட்களை லெபனானுக்கு நாடு கடத்தினார். அடுத்த டிசம்பருக்குள் அராஃபத்தோடு கையெழுத்தே ஆகிவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான்.

ஓஸ்லோ ஒப்பந்தம்னா பாலஸ்தீனத்துக்குத் தனிநாடு கொடுத்ததா?

இல்லை. ஒப்பந்தத்தில் "பாலஸ்தீன நாடு" என்ற பேச்சே கிடையாது. அராஃபத்தின் பாலஸ்தீன விடுதலை இயக்கம், இஸ்ரேலுக்கு வாழ உரிமை உண்டு என்று ஏற்றது. இஸ்ரேல் பதிலுக்கு ஏற்றது, அந்த இயக்கம் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்பதை மட்டும். இந்த ஏற்றத்தாழ்வைப் பாலஸ்தீன விமர்சகர்கள் அன்றே சுட்டிக்காட்டினார்கள். காசாவிலும் எரிகோவிலும் தொடங்கி ஐந்து ஆண்டு இடைக்காலத் தன்னாட்சி. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை என்ற நான்கு முள்ளையும் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

பேச்சு நடந்தது நார்வேயில், 1993 ஜனவரியிலிருந்து ரகசியமாக. முதலில் இரண்டு இஸ்ரேலியப் பேராசிரியர்கள்தான் போனார்கள். வெளியே தெரிந்தால் "யாரோ வாத்தியார்கள் பேசினார்கள், எங்களுக்கென்ன" என்று கைவிரிக்க வசதி. நம்பிக்கை வந்தபிறகுதான் அரசு அதிகாரிகள் உட்கார்ந்தார்கள்.

அந்த ஃபேமஸ் கைகுலுக்கல்ல ராபின் முகம் ஏன் அப்படி இருக்கு?

பிடிக்காமல் செய்ததால். 1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளி. கிளிண்டன் இருவரையும் கைகளை விரித்து நெருக்குகிறார். அராஃபத் கையை நீட்டிவிட்டார். ராபின் ஒரு கணம் தயங்கி, உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு கையை மட்டும் கொடுக்கிறார். கைகுலுக்கலாம், முத்தம் மட்டும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். அராஃபத் கட்டிப்பிடிக்க வந்தால் எப்படித் தடுப்பது என்று கிளிண்டன் தன் அதிகாரியோடு ஒத்திகையே பார்த்தாராம். கைகுலுக்கி முடித்ததும் பக்கத்தில் நின்ற பெரஸிடம் ராபின் முணுமுணுத்தது: "இனி உன் முறை."

பெரஸும் இவரும் நண்பர்களா, எதிரிகளா?

ஒரே கட்சிக்குள் இருபது வருஷப் பகை. பெரஸை ஓய்வில்லாத சூழ்ச்சிக்காரர் என்று ராபின் அச்சிலேயே எழுதினார். ஆனாலும் ஓஸ்லோவை நடத்த இருவரும் தேவைப்பட்டார்கள். பெரஸுக்குக் கனவு இருந்தது, மக்கள் நம்பவில்லை, ராபினை நம்பினார்கள். 1994 நோபல் பரிசு ராபின், பெரஸ், அராஃபத் மூவருக்கும் போனதற்கு அர்த்தம் இதில் இருக்கிறது. அராஃபத்துக்குக் கொடுத்ததை எதிர்த்துப் பரிசுக்குழு உறுப்பினர் ஒருவர் ராஜினாமா செய்தார்.

ஜோர்டானோடயும் ஒப்பந்தம் போட்டாராமே, அது ஏன் பேசப்படறதில்ல?

சண்டை இல்லாமல் நிலைத்துவிட்டது, அதனால்தான். 1994 அக்டோபர் 26, அரவா பள்ளத்தாக்கில் கையெழுத்து. மன்னர் ஹுசைனோடு ராபினுக்கு உண்மையான நட்பு இருந்தது. அராஃபத்திடம் காட்டிய இறுக்கம் அங்கே இல்லை. ஒப்பந்தத்தில் யார்மூக், ஜோர்டான் ஆறுகளின் தண்ணீரைப் பங்கிட ஒரு தனி இணைப்பே உண்டு. பாசனம் படிக்க ஆசைப்பட்ட பையனை மேலே சொன்னேனே, அவன் கடைசியில் தண்ணீர்க் கணக்குக்கு வந்துசேர்ந்தான்.

இவரைக் கொன்னது பாலஸ்தீனர்தானே?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. கொன்றவன் யிகால் அமிர், 25 வயது யூதன், சட்டக்கல்லூரி மாணவன். நிலத்தை விட்டுக்கொடுப்பது மதத் துரோகம் என்று நம்பிய தீவிர வலதுசாரி.

திடீரென்று நடந்ததும் இல்லை. 1994 பிப்ரவரியில் ஒரு யூதக் குடியேறி ஹெப்ரான் பள்ளிவாசலில் 29 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு ஹமாஸின் பேருந்துக் குண்டுகள். அக்டோபரில் டெல் அவிவ் நடுத்தெருவில் 22 பேர் செத்தார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ராபின்மேல் கோபம் ஏறியது. 1995 அக்டோபரில் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 61-59 என்று தப்பிப் பிழைத்தது. அதே இரவு ஜெருசலேம் ஆர்ப்பாட்டத்தில் அவரை நாஜி சீருடையில் காட்டும் படங்கள் சுற்றின. பாதுகாப்பு அதிகாரிகள் குண்டு துளைக்காத உடுப்பு போடச் சொன்னார்கள். சொந்த மக்கள் நடுவில் நடக்க இது எதற்கு என்று மறுத்துவிட்டார்.

உயிரோட இருந்திருந்தா சமாதானம் வந்திருக்கும் இல்லையா?

அப்படி அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இறப்பதற்கு ஒரு மாதம் முன் நாடாளுமன்றத்தில் அவர் போட்ட கோடு தெளிவானது: பாலஸ்தீனர்களுக்கு நாடு என்பதற்குக் குறைவான ஒன்று, ஜெருசலேம் பிரிபடாது, ஜோர்டான் பள்ளத்தாக்கு இஸ்ரேலின் பாதுகாப்பு எல்லை. இதை எந்தப் பாலஸ்தீனத் தலைவர் ஏற்றிருப்பார்? குடியேற்றங்களும் அவர் காலத்தில் வளர்ந்துகொண்டுதான் இருந்தன.

மறுபக்கம், இவர் கோட்டை நகர்த்தினால் இஸ்ரேலியர்களில் பாதிப்பேர் கூடவே நகர்வார்கள். 1967-ன் தளபதியைப் பார்த்துப் பாதுகாப்பு தெரியாதவர் என்று சொல்வது கஷ்டம். பெரஸிடம் அந்தப் பலம் இல்லை. 1996 மே தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் நெதன்யாகுவிடம் தோற்றார்.

பாக்கெட்ல ரத்தம் தோய்ஞ்ச பாட்டுத்தாள் இருந்ததுன்னு சொல்றாங்களே, அது கட்டுக்கதையா?

நிஜம். 1995 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு. டெல் அவிவ் சதுக்கத்தில் பெரும் கூட்டம். இன்று அதற்கு ராபின் சதுக்கம் என்று பெயர். இருபத்தேழு வருஷம் ராணுவத்தில் இருந்தேன், சமாதானத்துக்கு வாய்ப்பு இல்லாதவரை சண்டை போட்டேன், இப்போது வாய்ப்பு இருக்கிறது என்று பேசினார். கடைசியில் எல்லோரும் சமாதானப் பாட்டு பாடினார்கள். மேடையில் பாடுவதெல்லாம் அவருக்குக் கூச்சம். கையில் அச்சடித்த தாளைக் கொடுத்திருந்தார்கள். படியிறங்கிக் காருக்குப் போகும்போது பின்னாலிருந்து மூன்று குண்டுகள். இரண்டு அவர்மேல், ஒன்று மெய்க்காவலர்மேல்.

இரண்டு நாள் கழித்து ஹெர்சல் மலையில் அடக்கம். 1967-ல் இழந்த ஜெருசலேமுக்கு மன்னர் ஹுசைன் அதன்பின் வந்தது அன்றுதான். ராபினின் செயலகத் தலைவர் எய்த்தான் ஹாபர் பேச எழுந்தார். உங்களுக்கு ஆயிரம் நல்ல குணம் உண்டு, பாட்டு மட்டும் வராது, வார்த்தைகளைக் கொஞ்சம் ஒப்பேற்றிவிட்டுத் தாளை வழக்கம்போல நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டீர்கள் என்றார். பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தத் தாளை எடுத்து, ரத்தத்துக்கு அடியில் தெரிந்த வரிகளை வாசித்தார்.